சத்தமில்லாத வாகனமும் பாதையின் உரிமையும்



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாகட்டும்.

கண்பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள், கைப்பிடித்து அழைத்துவர ஆளில்லாததால் வீட்டிலேயே தொழ அனுமதி கேட்டார்கள். பாங்கு சத்தம் கேட்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். கேட்கிறது என்றதும், பள்ளிக்கு வரும்படியே சொன்னார்கள். அந்த ஸஹாபிக்குக் காதுதான் வழிகாட்டி. இன்றும் பார்வையற்றவர்கள் காதை நம்பித்தான் தெருவில் நடக்கிறார்கள்.

எலக்ட்ரிக் வண்டிக்கு இன்ஜின் சத்தம் கிடையாது. வேகமாகப் போனால் டயர் சத்தமாவது கேட்கும். மெதுவாக வரும்போதுதான் ஒன்றுமே கேட்காது. பள்ளிவாசல் சந்தும் மதரஸா வாசலும் அப்படி மெதுவாக வரும் இடங்கள்தானே! இதனால்தான் ஐரோப்பிய யூனியனில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய எலக்ட்ரிக் கார்களும் 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில் 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் உட்பட்ட ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம். அந்தத் தைரியத்தில் சாவியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறோம். ஆர்.டி.ஓ. கேட்காவிட்டாலும் அல்லாஹ் கேட்பான்.

தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டாலும் நஷ்டஈடும் பரிகாரமும் உண்டு என்கிறது அன்னிஸா அத்தியாயத்தின் 92-வது வசனம். அடிமையை விடுதலை செய்ய வழியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது.

அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை அடித்து விரட்டும் சத்தம் கேட்டது. நிதானமாகச் செல்லுங்கள், விரைவதில் நன்மை இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள் (புகாரி). ஹஜ்ஜின் பயணத்திலேயே அவசரத்துக்கு இடமில்லை என்றால், ஜும்ஆ முடிந்து வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்துக்கு என்ன இடம்?

அன்பானவர்களே! கூட்டம் கலையும்வரை பொறுத்திருங்கள், அல்லது தெருமுனைவரை வண்டியைத் தள்ளிச் செல்லுங்கள். ஹாரன் அடித்துவிட்டோமே என்று வேகமெடுக்காதீர்கள்; முன்னால் போகும் பெரியவருக்குக் காது கேட்காமல் இருக்கலாம். திடீரென்று அடித்து யாரையும் பதறவைக்காதீர்கள். வெள்ளைக் கைத்தடி தெரிந்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். நடந்து செல்பவர்களும் இயர்போனைக் கழற்றி, பிள்ளைகளின் கையைப் பிடித்து, இருபுறமும் கண்ணால் பார்த்துக் கடந்து செல்லுங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. நாமே அந்தத் தொல்லையாகிவிடாமல் அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.