இரவல் சொல்லில் வழிபாடு

திருவாசகம் முற்றோதல் இன்று தமிழ்நாட்டுச் சைவர்களிடையே பரவலாக வேரூன்றிவிட்ட ஒரு கூட்டு வழிபாடு. காலையில் சிவபுராணத்தில் தொடங்கி, 51 பகுதிகளில் உள்ள 658 பாடல்களையும் ஒரே அமர்வில் பாடி, பொழுது சாயும் வேளையில் அச்சோப் பதிகத்தில் நிறைவு செய்வார்கள். கோயில் மண்டபத்திலோ திருமணக் கூடத்திலோ சிறு புத்தகமும் கையுமாக வரிசையாக அமர்ந்திருப்போரில் பெண்கள் நிறைய. ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் தொடர்வார்கள். நடுவில் சாப்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் ஓய்வு. கவிதைத் தொகுப்பு ஒன்றையும் காசு கொடுத்து வாங்கியிராதவர்கூட ஒரே நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்திருக்கிறார். தமிழர் வாழ்வில் கவிதைக்கு இடமில்லாமல் போய்விட்டது என்று வருந்துவோர் இதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இந்த வழிபாட்டின் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது. திருவாசகத்தில் பேசும் 'நான்' மாணிக்கவாசகர். திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு, பிரிந்து, அந்தப் பிரிவைத் தாங்க முடியாமல் அழுதவர். அப்படியொரு காட்சியும் பிரிவும் தன் வாழ்வில் நேராத ஒருவர் அதே சொற்களைத் தம் வேண்டுதலாகச் சொல்லும்போது, அது அவருடைய பேச்சா, வெறும் ஒப்பித்தலா? வழிபாட்டில் மனமும் வாக்கும் ஒன்ற வேண்டுமானால், இரவல் வாங்கிய வாக்கோடு மனம் எப்படி ஒன்றும்?

பக்திப் பாடல்களே இதை முன்கூட்டி யோசித்திருக்கின்றன. சம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் தம் பெயரைச் சொல்லி, இவற்றைப் பாடுவோர் அடையப்போகும் பயனையும் சொல்லிவிடுகிறார். அந்தப் பாட்டுக்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். பாடல் பிறக்கும்போதே, பின்னாளில் பாடப்போகிறவருக்கு அதில் ஓர் இடம் ஒதுக்கியாகிவிட்டது. நம்மாழ்வார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். தம் வாயைக் கருவியாகக் கொண்டு திருமாலே தன்னைப் பாடிக்கொண்டான் என்பது திருவாய்மொழியின் ஏழாம் பத்தில் அவர் வியந்து சொல்லும் செய்தி. அதை அப்படியே ஏற்றால், முதலில் பாடியவருக்கும் அந்தச் சொல் இரவல்தான். ஆண்டாளோ திருப்பாவையில் ஆயர்பாடிப் பெண்ணாகவே நின்று பேசுகிறார். மார்கழியில் நாளுக்கொன்றாக அந்த 30 பாசுரங்களையும் சொல்பவர், ஏற்கெனவே வேறொருத்தியாகிவிட்ட ஒருத்தியின் குரலுக்குள் நுழைகிறார். கைமாறுவதற்கென்றே அமைந்த 'நான்' இது. தன் உணர்வைத் தன் சொந்தச் சொல்லில் சொன்னால்தான் நேர்மை என்ற எண்ணத்துக்கு இந்த மரபில் பெரிய மதிப்பில்லை.

துக்க வீட்டில் அந்த எண்ணம் நிற்பதும் கடினம். யாழ்ப்பாணத்துச் சைவர்களின் இறுதிச் சடங்கில் சுண்ணம் இடித்தல் என்று ஒரு பகுதி உண்டு. உரலில் மஞ்சள் முதலியவற்றை இட்டு உலக்கையால் இடிக்க, பக்கத்தில் திருப்பொற்சுண்ணம் பாடப்படும். திருவாசகத்தில் அந்த 20 பாடல்களும் கொண்டாட்டப் பாடல்கள்: தில்லைக் கூத்தன் நீராடுவதற்கு மணப்பொடி இடிக்கும் பெண்கள், அணிகளும் மாலைகளுமாக, ஒருவரையொருவர் அழைத்துக் கூடிப் பாடுவதாக அமைந்தவை. அவற்றில் சாவைப் பற்றிய பேச்சே இல்லை. உலக்கை விழும் ஓசையோடு அதே பாடல்கள் சடலத்தின் அருகே ஒலிக்கும்போது, இறைவனின் நீராட்டு இறந்தவரின் நீராட்டாகிறது. கிளம்பிப் போகிறவர் எங்கே போகிறார் என்பதற்கு, யாரும் விளக்காமலே, ஒரு பதிலும் கிடைத்துவிடுகிறது. ஓர் எழுத்தும் மாறவில்லை. பாடப்படும் இடம் மாறியதால் பொருள் மாறியிருக்கிறது. வாய்விட்டு அழுவதைத் தவிர வேறு சொல் வராத நேரத்தில், சொந்தச் சொல்லைத் தேடச் சொல்வது யாருக்கு உதவும்?

பொருளே தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்தில் ஒரு சான்று இருக்கிறது. பாங்காக்கில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் விழாவில் திருவாசகத்திலுள்ள திருவெம்பாவையின் பகுதிகள் ஓதப்படுகின்றன. மாபெரும் ஊஞ்சலில் ஆடும் நிகழ்ச்சி 1935-இல் நின்றுபோனாலும் கோயிலுக்குள் சடங்கு தொடர்கிறது. ஓதுவோருக்குத் தமிழ் தெரியாது. தலைமுறை தலைமுறையாக வந்த ஒலி மட்டுமே அவர்களிடம் இருக்கிறது. இதைக் கவிதை என்று சொல்லலாமா என்பது ஐயத்துக்குரியது. வழிபாடு என்று சொல்வதில் தடையில்லை. பொருள் தெரிந்துதான் சொல்ல வேண்டுமா என்று திருவாசக மரபையே கேட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. பாட்டின் பொருளை உணர்ந்து சொல்வோர்க்குச் சிவபுரம் என்று சிவபுராணம் முடிகிறது. மாணிக்கவாசகர் வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது: நூலுக்குப் பொருள் என்ன என்று தில்லை வாழ் அந்தணர்கள் கேட்டபோது, அவர் விளக்கம் சொல்லாமல் கூத்தனைச் சுட்டிக் காட்டினாராம். முற்றோதலில் அமர்ந்திருப்போரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்கள். சில வரிகள் நெஞ்சில் இறங்கும், பல வரிகள் ஓசையாகவே கடந்து போகும்.

பாட்டு ஒரு கூட்டத்தின் சொத்தாகிவிட்டால் பங்காளிச் சண்டையும் வந்துவிடுகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் வடகலையாரும் தென்கலையாரும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நீதிமன்றம் ஏறி வருகிறார்கள். திவ்வியப் பிரபந்தம் பாடத் தகுந்ததா என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கோஷ்டியாக நின்று பாடும் உரிமை யாருக்கு, தொடக்கத்தில் சொல்லும் தனியன் மணவாள மாமுனிகளைப் போற்றுவதா வேதாந்த தேசிகரைப் போற்றுவதா என்பதே வழக்கு. சிதம்பரத்தில் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட 2008-இல் அரசாணை தேவைப்பட்டது. தேவார ஏடுகள் கிடைத்த இடம் என்று மரபு சொல்லும் ஊரிலேயே இந்த நிலை. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் ஊதியத்தில் முதலாம் இராசராசன் அமர்த்தியதைக் கல்வெட்டு சொல்கிறது. கோயிலில் பாட்டுக்கு எங்கே, எவ்வளவு இடம் என்பதை முடிவு செய்வதில் அரசின் கை அன்றும் இருந்தது.

புதிய பாட்டு இந்த வட்டத்துக்குள் நுழைய முடியுமா என்பது இன்னொரு பூசல். 1867-இல் இராமலிங்க அடிகளின் பாடல்கள் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சானபோது, ஆறுமுக நாவலர் அந்தப் பெயரையே எதிர்த்தார். அருட்பா என்பது திருமுறைகளுக்கே உரியது என்பது அவர் கட்சி. பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. இருவரும் மறைந்த பின்னும் ஓயவில்லை. இசுலாமியரான சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடியது அதன் சுவையான அத்தியாயம். நாவலரின் வாதத்தில் தர்க்கம் இருந்தது. ஆனால் எது அருட்பா என்பதைத் தர்க்கம் தீர்மானிக்கவில்லை, பாடியவர்கள் தீர்மானித்தார்கள். 1596 அடிகள் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலைச் சன்மார்க்க சங்கத்தார் இன்று கூட்டாகப் பாராயணம் செய்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் புதுக்கவிதை அப்படியோர் இடத்தைக் கேட்கவே இல்லை. சி.சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் வளர்ந்த கவிதை, தனியாக உட்கார்ந்து கண்ணால் படிப்பவருக்காக எழுதப்பட்டது. அதன் 'நான்' பெரும்பாலும் கைமாறாத நான். அதைப் படிப்பவர் கவிஞரைப் புரிந்துகொள்கிறாரே தவிர, அவராக நின்று பேசுவது அரிது. கூட்டத்துக்குள் புகுந்த புதுப் பாட்டு திரைப்படத்திலிருந்துதான் வந்தது. 'பாத காணிக்கை' (1962) படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய நிலையாமைப் பாட்டு இறுதி ஊர்வலங்களில் இன்றும் ஒலிபெருக்கியில் ஒலிக்கிறது. எழுதியவர் யார், எந்தப் படம் என்று யோசிக்காமலே ஊர் அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. இதைச் சமயப் பாட்டு என்று எந்த மடமும் ஏற்றதில்லை. எந்தத் துக்க வீடும் மடத்தைக் கேட்டதும் இல்லை.