யாரும் பாராத இடத்தில் ஒரு பறவை



ஒரு மனிதன் காட்டுக்குள் தனியே போகிறான். திரும்பி வந்து, "இன்ன பறவையைக் கண்டேன்" என்கிறான். கூடச் சென்றவர் எவருமில்லை, படம் பிடிக்கவுமில்லை. பறவையோ பறந்துவிட்டது. அவன் சொன்னது பொய்யென்றே வைத்துக்கொள்வோம். அதனால் யாருடைய பணம் போயிற்று? யாருடைய மானம் போயிற்று? ஒருவருக்கும் தீங்கு செய்யாத பொய்யும் குற்றமாகுமா? விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்வி ஒழுக்கவியலின் வேர்வரை செல்வது. ஆகவே சற்று நிதானித்து ஆராய்வோம்.

இதனை நம்முன் வைப்பது ஒரு திரைப்படம். டேவிட் பிராங்கெல் இயக்கி 2011இல் வெளிவந்த 'த பிக் இயர்' என்னும் அமெரிக்கப் படம் அது. ஜக் பிளாக், ஸ்ரீவ் மார்ட்டின், ஓவன் வில்சன் ஆகிய மூவரும் பறவை பார்ப்போராக நடித்துள்ளனர். ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் டிசம்பர் முடியும்வரை வட அமெரிக்காவில் யார் அதிக பறவையினங்களைக் காண்கிறார் என்பதே போட்டி. கதை முற்றிலும் கற்பனையன்று. 1998இல் உண்மையாகவே நடந்த போட்டியைப் பற்றி மார்க் ஒப்மாசிக் 2004இல் ஒரு நூல் எழுதினார்; படம் அதனைத் தழுவியது. அவ்வாண்டில் முதலிடம் பெற்ற சாண்டி கொமிற்ரோ என்பவர் கூரைவேலை ஒப்பந்தகாரர். 745 இனங்களைக் கண்டதாக அவர் கணக்குக் காட்டினார்.

இப்போட்டியில் பரிசுப் பணம் கிடையாது. நடுவர் எவரும் உடன் செல்வதில்லை. பறவையைக் கண்ணால் கண்டாலும் போதும், குரலைக் காதால் கேட்டு இனங்கண்டாலும் போதும். பெரும்பாலான பறவைகளுக்கு ஆதாரம் பார்த்தவரின் வாய்ச்சொல்லே. ஏமாற்ற நினைப்பவனுக்கு இதைவிட எளிதான போட்டி உலகில் இல்லை என்றே கூறலாம். அப்படியிருந்தும், நள்ளிரவில் எழுந்து, கடும் பனியிலும் கடலிலும் அலைந்து, அந்தப் பறவையை மெய்யாகவே தேடி அலைகிறார்களே, ஏன்?

ஏறக்குறைய இருபத்துநான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கிரேக்க ஞானி பிளேட்டோ 'குடியரசு' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில் இதையொத்த கேள்வியை எழுப்பினார். கைகஸ் என்னும் இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்கு மறைந்துபோவான். அந்த வல்லமையைக் கொண்டு அவன் அரசியைத் தன்வயப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே கைப்பற்றுகிறான். அகப்படமாட்டோம் என்று தெரிந்தால் நீதிமானும் இப்படித்தானே செய்வான் என்பது அங்கு எழுப்பப்படும் வாதம். தனியே காட்டில் நிற்கும் பறவை பார்ப்பவனின் கையிலும் கைகஸின் மோதிரமே இருக்கிறது. அவன் பெயரேட்டில் எழுதும் ஒவ்வொரு வரியும் அவன் யார் என்பதைச் சொல்லுகிறது.

"சுவாமி, இதெல்லாம் பெரிய விடயமா? ஒரு குருவியைப் பார்த்தேன் என்று சொன்னால் யாருக்கு நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு வரலாறே மறுமொழி தருகிறது.

'த லைற்ஹோஸ்மென்' என்னும் அவுஸ்திரேலியத் திரைப்படம் 1987இல் வெளிவந்தது. முதலாம் உலகப் போரில், 1917இல், பலஸ்தீனத்தின் பெயர்செபா நகரைப் பிடித்த கதை அது. பொய்த் திட்டங்கள் அடங்கிய பையை எதிரியின் கையில் விழச்செய்து ஏமாற்றும் துணிச்சல்மிக்க பிரித்தானிய அதிகாரியாக ஒருவர் அதில் காட்டப்படுகிறார். ரிச்சர்ட் மைனெர்ட்ஸ்ஹாகன் என்பது அவர் பெயர். மெய்யாக வாழ்ந்தவர், 1967இல் மறைந்தவர். படையதிகாரியாக மட்டுமன்றிப் பறவையியல் அறிஞராகவும் அவர் புகழ்பெற்றிருந்தார். ஏறக்குறைய 20,000 பறவை மாதிரிகளைப் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்கு வழங்கியவர்.

அவர் இறந்து பல ஆண்டுகள் சென்றபின், அந்த மாதிரிகளை ஆய்ந்தவர்கள் திடுக்கிட்டனர். அவற்றுட் பல பிறர் சேகரித்தவை. அருங்காட்சியகங்களிலிருந்தே களவாடப்பட்டு, புதிதாகப் பஞ்சு அடைக்கப்பட்டு, பொய்யான இடமும் பொய்யான திகதியும் எழுதிக் கட்டப்பட்டவை! இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை அவற்றில் ஒன்று. மிக அரிதான அப்பறவையைத் தாம் 1914இல் குஜராத்தில் பெற்றதாக அவர் எழுதிவைத்தார். உண்மையில் அந்த உடல் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் வேறொருவர் வேறிடத்தில் சேகரித்தது. பொய்ச் சீட்டை நம்பியவர்கள் பறவை இல்லாத இடத்தில் அதனைத் தேடினர். அந்த இனமே அழிந்துவிட்டதோ என்ற ஐயமும் வளர்ந்தது. பமெலா ராஸ்முசென் என்னும் அமெரிக்க ஆய்வாளர் மோசடியைக் கண்டறிந்து, பொய்யை ஒதுக்கி, பழைய மெய்யான குறிப்புகளைப் பின்பற்றித் தம் தோழர்களுடன் சென்றார். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவில், அந்தச் சிற்றாந்தை உயிருடன் மரத்தில் அமர்ந்திருந்தது. 113 ஆண்டுகளுக்குப் பின்னர் மனிதர் அதனை மீண்டும் கண்டுகொண்டனர்.

யாருக்கு நட்டம் என்று கேட்டோமே! இல்லாத இடத்தில் தேடியவர்களின் உழைப்பு நட்டம். காப்பாற்ற வேண்டிய காலத்தில் கவனிப்பாரற்றுக் கிடந்த பறவைக்கு நட்டம். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்றுண்டு. அந்த மனிதர் மெய்யாகவே சேகரித்தவற்றையும் இன்று சோதிக்காமல் நம்புவாரில்லை. பொய் தனியே அழிவதில்லை. சொன்னவனின் மெய்யையும் கூட்டிக்கொண்டே அழிகிறது.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. வலசை வரும் பூநாரைகளையும் வாத்தினங்களையும் நம்மில் பலர் அங்கு கண்டிருக்கலாம். தொடர்ந்து 20,000 நீர்ப்பறவைகளைத் தாங்குவது ஓர் ஈரநிலம் அத்தகுதி பெறுவதற்கான அளவுகோல்களில் ஒன்று. அந்த எண்ணிக்கையை யார் தருகிறார்? சேற்றோரம் வெயிலில் நின்று எண்ணுகின்ற ஒரு மனிதர். அவருடைய சொல்லின்மீதே ஒரு நிலத்தின் காவல் தங்கியிருக்கக் கூடும்.

இன்னொரு தடையும் எழலாம். திரைப்படமே பொய்தானே? அமெரிக்கப் படங்களில் வெண்தலைக் கழுகு பறக்கும்போது நம் காதில் விழும் கம்பீரமான அலறல் பெரும்பாலும் செவ்வால் பருந்தின் குரல். கழுகின் சொந்தக் குரலோ மெலிந்த கீச்சொலி. அது வீரத்துக்குப் போதாதென்று மாற்றிவிடுகிறார்கள்! 2000இல் வந்த 'சார்ளிஸ் ஏஞ்சல்ஸ்' படத்தில் கலிபோர்னியாவின் சிறிய மரமேறிக் குருவி ஒன்றைப் பெயர்சொல்லி, அதைக்கொண்டு குற்றவாளியின் இருப்பிடத்தைத் துப்பறிகிறார்கள். திரையில் காட்டப்படுவதோ வெனிசுவேலா நாட்டின் செம்மஞ்சள் நிறப் பறவை. பறவை தெரிந்தவர்கள் இன்றுவரை சிரிக்கிறார்கள். இவர்களும் பொய்யர்களா?

புனித அகுஸ்தீனார் பொய்யைப் பற்றியே இரு நூல்கள் எழுதியவர். ஏமாற்றும் நோக்கமே பொய்யின் உயிர் என்பது அவர் தரும் அளவுகோல். கேட்பவர் பகிடியென்று அறிந்திருக்கும் பகிடியை அவர் பொய்யென்று எண்ணவில்லை. கதை என்று தெரிந்தே நாம் கதை பார்க்கிறோம்; ஆகவே கழுகுக்கு இரவல் குரல் கொடுத்தவரைப் பாவி என்று தீர்க்க வேண்டியதில்லை. ஆயினும், மெய்யைவிட அலங்காரமே மேல் என்று கண்ணும் காதும் பழகிப்போவது நல்லதன்று. உண்மைக் கழுகின் குரலைக் கேட்டு, "இவ்வளவுதானா?" என்று சலிக்கும் மனம், உண்மை மனிதரையும் அவ்வாறே சலித்துவிடும். ஆவணப்படம் என்றும் செய்தி என்றும் பெயரிட்டு வரும் படங்களில் இவ்வாறு செய்வதோ வேறு கதை. அங்கே நாம் நம்பி அமர்ந்திருக்கிறோம். நம்பியவரை ஏமாற்றுவதே பொய்.

மீண்டும் முதற் படத்துக்கு வருவோம். அதில் வெல்பவன் பொய் சொல்லி வென்றதாகப் படம் காட்டவில்லை. ஆனால் குழந்தைக்காக ஏங்கி மருத்துவம் செய்துவரும் மனைவியைத் தனியே விட்டுவிட்டு அவன் பறவைகளின் பின்னால் ஓடுகிறான். முடிவில் பட்டியல் நிறைகிறது, வீடு வெறுமையாகிறது. இன்னொருவனோ நோயுற்ற தந்தையுடன் பனிக்காட்டில் பெரிய சாம்பல் ஆந்தையைத் தேடுகிறான். தந்தை பின்தங்கிவிட, தேடலை விட்டுவிட்டுத் தந்தையிடம் திரும்புகிறான். அங்கே தந்தை அந்த ஆந்தையின் முன்னாலேயே அசையாது நிற்கிறார். பட்டியலுக்காகப் பறவையா, பறவைக்காகப் பட்டியலா என்ற வினாவுக்கு இக்காட்சி ஒன்றே போதும்.

காணாத பறவையைக் கண்டேன் என்பவன் பிறரை ஏமாற்றுமுன் தன்னையே கொள்ளையடிக்கிறான். எண் அவனிடம் உண்டு, பறவை இல்லை. அந்த விடியலின் குளிரும், கிளையின் அசைவும், கண்டபோது நெஞ்சில் எழும் மகிழ்ச்சியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. வள்ளுவர் வாய்மையைப் பேசும்போது அவரவர் நெஞ்சையே சாட்சியாக நிறுத்தியதன் பொருளும் இதுவே எனலாம்.

பெற்றோரே, நம் வாழ்வில் பெரும்பகுதி நடுவர் இல்லாத இடத்திலேயே நடக்கிறது. விடைத்தாள் திருத்தும் ஆசிரியரின் மேசை, மருந்து கலக்கும் அறை, கடைத் தராசு, தூரதேசத்தில் தனித்து உழைக்கும் கணவனின் அறை ஆகியவற்றில் நம்மை எண்ணிக்கொண்டிருப்பவர் எவருமில்லை. அங்கெல்லாம் நம்மை நம்பி ஒருவர் இருக்கிறார் என்பதே நமக்குக் காவல். இன்று உங்கள் பிள்ளை ஓடிவந்து, "அம்மா, வேலியில் ஒரு நீலக் குருவி இருந்தது!" என்றால் எழுந்து சென்று பாருங்கள். அது பறந்துபோயிருந்தாலும், "நீ சொன்னால் சரிதான்" என்று சொல்லுங்கள். நம்பப்பட்ட பிள்ளை அந்த நம்பிக்கைக்கு ஏற்றவனாக வளர முயல்வான். மெய் பேசப் பழக அதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.