ஆட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்

புருசன் குடிக்கிறான் என்றால் அதைச் சொல்ல எங்களிடம் வார்த்தை இருக்கிறது. அடிக்கிறான், காசு வைத்துச் சூதாடுகிறான், வேறு தொடுப்பு வைத்திருக்கிறான் என்றாலும் சொல்லலாம். ஊரிலுள்ள தாய்க்குச் சொல்லலாம், பக்கத்து அறைக்காரிக்குச் சொல்லலாம். கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். 'எங்கட மனுசன் செஸ் விளையாடுகிறார்' என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். 'தங்கமான மனுசன், அவருக்கு அதாவது இருக்கட்டும்' என்பார்கள். முறைப்பாடாகச் சொல்ல முடியாத ஒன்றை முறைப்பாடு என்று கருதலாமா என்பதுதான் இங்கே எங்கள் கேள்வி.

சதுரங்கக்காரரோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் பாரிசில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. எங்களுக்குத் தெரிந்தே நாலைந்து பேர். எல்லோரும் றெஸ்ரோறன்ற் வேலைக்காரர். மத்தியானச் சாப்பாட்டு வேலை மூன்று மணியளவில் முடிந்தால் இரவு வேலை ஆறு மணிக்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் நித்திரை கொள்வதற்கு வீடு தூரம். லுக்சம்பூர்க் பூங்காவில் மரங்களுக்குக் கீழே செஸ் மேசைகள் இருக்கின்றன. அங்கே பாசை தேவையில்லை, வீசா கேட்க ஆளில்லை. அப்படித்தான் தொடங்கியது. பிறகு பலகை வீட்டுக்கு வந்தது. பதினாறு சதுரமீற்றர் அறையில் இருக்கும் ஒரேயொரு மேசையில் பலகை விரிந்துவிட்டால் நாங்கள் கட்டிலில் கோப்பையை வைத்துச் சாப்பிட வேண்டும். 'இஞ்சேருங்கோ' என்றால் 'இந்தா, முடிஞ்சுது' என்று பதில் வரும். முடிவது இரண்டு மணிக்கு.

எங்கள் பழைய நூல்கள் இதில் உதவுவதில்லை. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார். ஆனால் அவர் கண்டித்த சூதில் பொருள் போகிறது, பெயர் போகிறது. இங்கே ஒரு சதமும் போவதில்லை. சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வருகிறது. பாஞ்சாலி சபையில் கேட்ட கேள்வியையும் நினைத்துப் பார்த்தோம். தன்னைத் தோற்றபின் என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை என்று அவள் கேட்டாள். எங்களை யாரும் பணயம் வைக்கவில்லை. ஆட்டத்தின் எந்தக் கணக்கிலும் நாங்கள் இல்லை. சொல்லக் கசப்பாகத்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கிட்டிய கதை இந்த நகரத்திலேயே நடந்தது. மார்செல் டுஷாம் என்ற பெயரைச் சஞ்சிகை வாசகர்கள் அறிவார்கள். 1917இல் சலத் தொட்டியைக் கலைப்பொருளாகக் கண்காட்சிக்கு அனுப்பியவர். அவர் 1927 ஜூனில் லிடி சரசான்-லெவசோர் என்ற பெண்ணை மணந்தார். தேனிலவுக் காலத்திலும் செஸ். ஒருநாள் இரவு அவர் நித்திரையான பின்பு லிடி காய்கள் எல்லாவற்றையும் பசை போட்டுப் பலகையோடு ஒட்டிவிட்டார் என்று டுஷாமின் நண்பர் மான் ரே எழுதியிருக்கிறார். 1928 ஜனவரியில் விவாகரத்து. அதே வருடம் டுஷாம் பிரான்ஸ் அணிக்காக ஒலிம்பியாட்டில் ஆடப் போனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். ஒரு மேதையின் பெருமைக்கு ஒரு பெண்ணின் அவசரம் நல்ல நகைச்சுவை. நாங்கள் சிரிக்கவில்லை. லிடி பலகையை யன்னலால் எறியவில்லை, காய்களை அடுப்பில் போடவில்லை. எல்லாம் அதனதன் கட்டத்திலேயே இருந்தன, அசைக்கத்தான் முடியாது. அவர் இருந்த நிலையும் அதுதானே. பிரெஞ்சில் 'எஷெக்' என்ற சொல் தோல்வியையும் குறிக்கும், செஸ்ஸையும் குறிக்கும். பிற்காலத்தில் அந்தத் திருமணத்தைப் பற்றி லிடி எழுதிய நினைவுக் குறிப்பு இந்த இரட்டை அர்த்தத்தைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வெளிவந்தது. ஆனால் அவருக்குக் கார் உற்பத்தி செய்த குடும்பம் பின்னால் இருந்தது, போவதற்கு ஒரு வீடு இருந்தது. எங்களில் சிலருக்கு வீசாவே புருசனின் அகதி அந்தஸ்தை வைத்துக் கிடைத்தது. பசை வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

இனி அவர்கள் பக்கம். அதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். யாழ். பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்த எங்களுக்கு பஸ்கால் சொன்ன ஒன்று இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரேயொரு மகனை அண்மையில் பறிகொடுத்தவன் காலையில் துயரத்தில் இருந்தான், இப்போது எப்படி அதை மறந்தான்? வேட்டைநாய்கள் துரத்தும் காட்டுப்பன்றி எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான், அதனால்தான் என்கிறார். மனிதனுக்குப் பராக்கு வேண்டும், இல்லாவிட்டால் தன்னோடு தனியே இருக்க நேரும். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்த ஒருவருக்கு, இரு பக்கமும் சரியாகப் பதினாறு காய்களோடு தொடங்குகிற, சட்டம் நடுவில் மாறாத ஓரிடம் எவ்வளவு ஆறுதல் என்று எங்களுக்கு விளங்காமல் இல்லை. அந்த மனுசன் குடிக்கப் போயிருக்கலாம், தூக்கில் தொங்கியிருக்கலாம். செஸ்ஸுக்குப் போனார். அதைப் பிடுங்க எங்களுக்கு என்ன உரிமை?

ஆனால் பஸ்கால் வேட்டைக்காரனோடு காட்டுக்குப் போய்விடுகிறார். அந்த வீட்டில் பிள்ளையின் தாய் ஒருத்தி இருந்திருப்பாளே, அவளைப் பற்றிப் பேச்சில்லை. எங்கள் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. ஒருவர் மறப்பதற்காகப் போகும்போது துயரமும் கூடப் போவதில்லை, அது வீட்டில்தான் நிற்கிறது. யாரோ ஒருவர் அதற்குச் சோறு போட வேண்டும். அவருடைய தம்பியின் திவசத் திகதியை நாங்கள்தான் நினைவில் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வவுனியாவிலிருந்து அவருடைய அம்மா எடுத்தால், 'அவர் வேலையில நிக்கிறார் மாமி' என்று நாங்கள்தான் சொல்கிறோம். பொலிஸ் நிலையத்துக் கடிதம், சீட்டுக் காசு, காணாமல் போனவர் பட்டியல் பற்றி யாரோ கேட்ட விபரம், எல்லாம் எங்கள் தலையில். நாங்களும் அதே கடற்கரையால்தான் வந்தோம். எங்களுடைய செத்தவர்களோடு அவருடையவர்களையும் சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது. போன நேரம் போகட்டும். நினைவு வைத்திருக்கும் வேலையில் ஒரு பங்குகூட அவர் எடுப்பதில்லை என்பதுதான் நோகிறது.

இது செஸ்ஸுக்கு மட்டும் உரியதா? இயக்கத்துக்காக வீட்டை மறந்தவரை மதித்தோம். கவிதைக்காக மறந்தவரை மன்னித்தோம். இந்தச் சஞ்சிகையை அச்சுக்குக் கொண்டுவர விடியவிடியக் கண்விழிப்பவர்களின் வீடுகளிலும் பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சியது யார் என்று ஆசிரியர் கோபிக்காமல் யோசித்துப் பார்க்கலாம். பெரிய காரியம் என்று ஒன்று இருந்தபோது ஆள் இல்லாததை ஆள் இல்லாதது என்று எங்களால் பார்க்க முடியவில்லை. செஸ்ஸில் அந்தப் போர்வை கிடையாது. அந்த வகையில் அது நேர்மையான விளையாட்டு.

பெண்களுக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடிப்பதில்லை என்று ஒரு நண்பர் கேட்டார். பிடிக்கும். லிடி கலியாணம் செய்த அதே 1927இல்தான் லண்டனில் வேரா மென்சிக் முதலாவது பெண்கள் உலக சாம்பியன் ஆனார். மொஸ்கோவில் பிறந்து, புரட்சிக்குப் பின் பதினைந்து வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். 1944இல் லண்டனில் வீட்டின்மேல் விழுந்த ஜெர்மன் பறக்கும் குண்டில் தாயோடும் தங்கையோடும் இறந்தார். குண்டுக்குத் தப்பும் வீடு என்று எதுவும் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். பைத்தியம் பிடிப்பதற்கு நாலு மணித்தியாலம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நீங்களும் பழகுங்கோவன் என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. டுஷாமே 1954இல் மணந்த அலெக்சினாவும் செஸ் ஆடுபவர்தான். அந்தக் கலியாணம் அவர் 1968இல் சாகும்வரை நிலைத்தது. எங்களில் இருவர் பழகினோம். குதிரை பாய்கிற விதம் பிடிபட இரண்டு கிழமை எடுத்தது. மேசையருகில் எங்களுக்கும் ஒரு கதிரை கிடைத்தது உண்மை. கூடவே வேறொன்றும் தெரிய வந்தது. பூங்காவில் முன்பின் தெரியாத ஒரு கிழவர் மூன்று நகர்வுக்குப் பிறகு என்ன நினைப்பார் என்று இந்த மனிதரால் அறிய முடிகிறது. கவனம் என்பது இவரிடம் இல்லாத பொருளல்ல. ஜவல் தண்ணியில் வெடித்துப்போன எங்கள் விரல்கள், அவருடைய காயை வெட்டி எடுக்கும்போது அவருடைய கண்ணுக்கு முன்னால்தான் இருக்கின்றன.

விட்டுவிடச் சொல்லி நாங்கள் கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியை எடுக்கச் சொல்லித்தான் கேட்கிறோம். போன மாதம் எங்களில் ஒருவர், மாமி லைனில் இருக்க, ரெலிபோனைக் கொண்டுபோய்ப் பலகையின் நடுவில், காய்களுக்கிடையில் வைத்தார். வேறு வழியில்லாமல் மனுசன் எடுத்தார். இருபது நிமிடம் கதைத்தார். தம்பியின் பெயர் இரண்டு தரம் வந்தது. வைத்துவிட்டு, 'இப்ப ஆற்ற முறை?' என்று கேட்டார்.