பழி யாருக்கு?

கணினித் தொழிலுக்குச் சென்ற நம் மாணவர்கள் ஒரு குறை சொல்கின்றனர்: விபத்து நேர்ந்தால், கடைசியாக விசையைத் தொட்டவனே குற்றவாளி. இது நியாயந்தானா?

2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைக் கப்பம் கேட்கும் வைரசு ஒன்று தாக்கிற்று. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. அக்காலத்துக்குக் காப்புப் பிரதியே இல்லை. மென்பொருளோ 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதைப் புதுப்பிக்காமைக்கு நிதிப் பற்றாக்குறையும் முன்னைய பணிப்பாளர் சபையின் முடிவுகளும் காரணமென்று பொறுப்பான நிறுவனமே கூறிற்று. (முடிவெடுக்கும் மேசையை வைரசு தீண்டுவதில்லை போலும்!)

சவளக்கடை வயலில் வரம்பு உடைந்தால், மண்வெட்டியும் கொடுக்காமல் காவலுக்கு நிறுத்திய கூலியாளை ஏசுவது அறமாகுமா? தடுக்கும் அதிகாரமற்றவன்மீது பழியை மட்டும் சுமத்துவது பழைய போடியார் வழக்கம். அச்சபையின் கூட்டக் குறிப்புகளை முதலில் மக்கள்முன் வைக்கட்டும். விசையைத் தொட்ட கையைப் பிறகு விசாரிப்போம்.