வாய்மையின் விலையும் உரிமையின் பயனும்: செக்கோஸ்லோவாக்கிய மாற்றுக்குரல்கள் எழுப்பிய அறவினா

முன்னுரை

கொடுங்கோன்மை குறித்த தமிழ் அறச்சிந்தனை பெரிதும் ஆள்வோனை நோக்கியே பேசுகிறது. திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்து, அரசன் செய்யத்தக்கனவற்றையும் தகாதனவற்றையும் வகுத்துரைக்கின்றன. கொடுங்கோலின்கீழ் வாழும் குடிமகன் தன் அன்றாட வாழ்வில் எவ்வாறு ஒழுகவேண்டும் என்னும் வினா அங்கு முதன்மை பெறவில்லை. இருபதாம் நூற்றாண்டின் சர்வாதிகார அரசுகள் இவ்வினாவைத் தவிர்க்க இயலாததாக்கின. படைவலிமையால் மட்டுமன்றிக் குடிமக்களின் அன்றாட இசைவாலும் அவை நிலைபெற்றமையே இதற்குக் காரணம். 1968 முதல் 1989 வரை செக்கோஸ்லோவாக்கியாவில் எழுந்த மாற்றுக்குரல்கள் இவ்வினாவை எவ்வாறு எதிர்கொண்டன என்பதையும், அவற்றினிடையே எழுந்த கருத்து வேறுபாட்டின் அறப்பொருளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதி சிந்தாத ஒடுக்குமுறை

1968 ஆகஸ்டு 20ஆம் நாள் இரவு வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவிற்குள் புகுந்து, அங்கு நடைபெற்றுவந்த சீர்திருத்த முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தன. 1969 ஏப்ரலில் கட்சித் தலைமையை ஏற்ற குஸ்டாவ் ஹுசாக்கின் ஆட்சி, அடுத்துவந்த காலத்தை 'இயல்பாக்கம்' என்னும் சொல்லால் குறித்தது. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். 1950களில் அரசியல் வழக்குகள் தூக்குமேடையில் முடிந்தன. இயல்பாக்கக் காலத்திலோ தண்டனை வேறு வடிவம் கொண்டது. பேராசிரியர் கொதிகலன் காப்பவராகவும் எழுத்தாளர் சாளரம் துடைப்பவராகவும் ஆயினர். பெற்றோர் கூறிய கருத்திற்காகப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி மறுக்கப்பட்டது.

பிராட்டிஸ்லாவாவில் வாழ்ந்த சிந்தனையாளர் மிலான் சிமெச்கா, தாம் பணிநீக்கம் பெற்றுக் கூலித்தொழிலாளியாக வாழ்ந்த நாள்களில் இம்முறையை நுணுகி ஆராய்ந்தார். அவருடைய 'ஒழுங்கின் மீட்சி' என்னும் நூல் 1979ஆம் ஆண்டு அயல்நாட்டில் வெளிவந்தது. அடியும் உதையுமின்றி, வேலை, வீடு, பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றைப் பணயமாக வைத்து மனிதனைப் பணியவைக்கும் நாகரிகமான வன்முறையே இவ்வாட்சியின் கருவி என்பது அவர்தம் கருத்தாகும். ஒடுக்குமுறை சிறைச்சாலையைவிட வீட்டிலும் அலுவலகத்திலும் பள்ளியிலுமே மிகுதியாகச் செயற்பட்டது என்பது இதனால் புலனாகிறது. எனவே அறவினாவும் அவ்விடங்களிலேயே எழுந்தது.

சட்டத்தின் சொல்லைச் சான்றாக்கல்

1976ஆம் ஆண்டு 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' என்னும் இசைக்குழுவைச் சார்ந்தோர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் அரசியல்வாதிகள் அல்லர். தமக்குப் பிடித்த இசையைத் தம் விருப்பப்படி இசைத்தவர்கள். அதே ஆண்டில்தான் குடியியல், அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை அந்நாட்டில் நடைமுறைக்கு வந்து சட்டத் தொகுப்பிலும் வெளியிடப்பட்டது. ஏட்டில் உரிமையும் நாட்டில் தண்டனையும் ஒருங்கே நிலவிய இம்முரண்பாடே 'சாசனம் 77' தோன்றக் களம் அமைத்தது.

1977 ஜனவரி முதல் நாளிட்ட அவ்வாவணத்தில் முதற்கண் 240க்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். மெய்யியலறிஞர் யான் பட்டோச்கா, நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், முன்னாள் வெளியுறவு அமைச்சர் யிர்ஷி ஹாயெக் ஆகியோர் முதற் செய்தித்தொடர்பாளர்களாக இருந்தனர். சாசனம் தன்னைக் கட்சியென்றோ எதிர்ப்பியக்கம் என்றோ கூறிக்கொள்ளவில்லை. அரசு தானே ஏற்றுக்கொண்ட சட்டத்தைத் தானே பின்பற்றவேண்டும் என்பதே அதன் வேண்டுகோள்.

இவ்வெளிய வேண்டுகோளுக்கு அரசு அளித்த மறுமொழி கடுமையானது. 1977 ஜனவரி 28ஆம் நாள் பிராகு நகரின் தேசிய நாடக அரங்கில் கலைஞர்கள் திரட்டப்பட்டு, ஆட்சிக்கு ஆதரவான உறுதிமொழியில் ஒப்பமிட்டனர். இது பின்னர் 'எதிர்ச்சாசனம்' எனப் பெயர்பெற்றது. சாசனத்தின் பாடம் நாட்டின் நாளிதழ்களில் வெளியிடப்படாமையால், அதனைக் கண்டிக்கத் திரண்டோருள் பலர் அதனைப் படித்தவரல்லர். படிக்க இசைவில்லாத ஒன்றைக் கண்டிக்கக் கட்டாயம் இருந்தது என்பது எண்ணத்தக்கது. நீண்ட விசாரணைகளுக்கு உட்படுத்தப்பட்ட பட்டோச்கா, 1977 மார்ச் 13ஆம் நாள் தம் 69ஆம் அகவையில் மறைந்தார்.

தீங்கற்ற பொய் உண்டா?

பட்டோச்காவின் நினைவிற்குப் படையலாக ஹாவெல் 1978இல் எழுதிய 'அதிகாரமற்றோரின் அதிகாரம்' என்னும் கட்டுரை இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகிறது. அதில் வரும் காய்கறிக் கடைக்காரர், உலகத் தொழிலாளரை ஒன்றுபட அழைக்கும் முழக்கப் பலகையைத் தம் கடைச் சாளரத்தில் வைக்கிறார். அம்முழக்கத்தில் அவருக்குப் பற்றுமில்லை, பகையுமில்லை. வைக்காவிடில் தொல்லை வரும் என்பதால் வைக்கிறார். வாடிக்கையாளரும் அதனைப் படிப்பதில்லை.

இச்செயல் குற்றமாகுமா என்பதே வினா. வாய்மை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று கருதுகிறார். கடைக்காரரின் பலகை எவரையும் ஏமாற்றவில்லை. அவர் குடும்பத்தைக் காக்கிறது. ஆகவே அது பொறுக்கத்தக்க பொய் என வாதிடலாம். ஆனால் அந்நன்மை குற்றமற்றதா என்று நோக்கும்போது ஹாவெலின் கருத்து துணைசெய்கிறது. ஒரு கடையில் பலகை இருப்பதால் அடுத்த கடையிலும் அது இருந்தாக வேண்டியதாகிறது. தெருவெங்கும் பலகைகள் நிறைந்தபின் பலகையில்லாத கடை தானே குற்றவாளியாகக் காட்சியளிக்கும். தன்னைக் காத்துக்கொள்ளச் சொன்ன பொய், அண்டை வீட்டாரையும் பொய் சொல்ல நெருக்குகிறது. அவ்வகையில் ஒவ்வொருவரும் அம்முறையால் துன்புறுவோராகவும் அதனைத் தாங்கிநிற்போராகவும் ஒருங்கே ஆகின்றனர். தீங்கற்றதாகத் தோன்றும் பொய்யின் தீங்கு, அதனைக் கேட்பவரிடம் அன்றி அதனைச் சொல்லுமாறு அடுத்துக் கட்டாயப்படுத்தப்படுபவரிடம் வெளிப்படுகிறது எனலாம்.

வீரத்தைக் கட்டாயமாக்கலாமா?

இக்கருத்திற்கு மறுப்பு மாற்றுக்குரல் கொண்டோரிடமிருந்தே எழுந்தது. தடைசெய்யப்பட்ட நூல்களைத் தட்டச்சுப் படிகளாக வெளியிட்டுவந்த எழுத்தாளர் லுட்விக் வட்சுலிக், 1978 டிசம்பரில் துணிவு குறித்துச் சிறு கட்டுரை ஒன்றை எழுதினார். வீரச்செயல் அன்றாட வாழ்வுக்கு இயல்பானதன்று. பெரும்பாலோர் தம் ஆற்றலின் எல்லையை அறிந்தே ஒழுகுவர். சிறைவாசம் என்னும் விலையை ஏற்குமுன் பயனை அளந்து பார்ப்பது இழிவன்று. நேர்மையாகச் செய்யப்படும் அன்றாடப் பணியும் மதிப்புடையது என்னும் போக்கில் அவர்தம் வாதம் அமைந்தது. இது தோழர் பலரிடையே சினத்தையும் விவாதத்தையும் எழுப்பியது. எனினும் இம்மறுப்பை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பிள்ளையின் படிப்பை ஈடாக வைத்து உண்மை பேசுமாறு ஒரு தாயைக் கேட்பது, அறத்தின் பெயரால் செய்யப்படும் மற்றொரு கொடுமையாகக்கூடும்.

ஆயினும் நேர்மையான பணியே போதும் என்னும் தீர்வும் முழுமையானதன்று. 1974இல் பீர் ஆலையொன்றில் வேலைசெய்த ஹாவெல், அங்குக் கண்ட ஒருவரைத் தம் கட்டுரையில் சுட்டுகிறார். அம்மனிதர் தம் தொழிலை நேசித்தவர். நல்ல பீர் வடிக்கவேண்டும் என்பதொன்றே அவர் விருப்பம். தரக்குறைவைச் சுட்டி மேலிடத்திற்கு எழுதியமையால் அவர் அரசியல் நோக்குடையவர் எனப் பழிக்கப்பட்டு வேறிடத்திற்கு மாற்றப்பட்டார். உரிமையற்ற நாட்டில் தொழிலை ஒழுங்காகச் செய்வதற்கும் வீரம் வேண்டியிருந்தது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

உரிமை: அஞ்சுவோர்க்கும் உரிய அறம்

இருவேறு கருத்துகளும் ஒன்றை ஒன்று மறுப்பனபோல் தோன்றினும், சாசனத்தின் வேண்டுகோளில் அவை இணைகின்றன. எல்லாரும் வீரராக வேண்டும் என்று அது கேட்கவில்லை. வீரரல்லாதாரும் உண்மை பேசி வாழத்தக்க நிலையைச் சட்டத்தின் பெயரால் கேட்டது. குடியியல் உரிமை என்பது துணிந்தவர்க்குச் சூட்டும் அணியன்று. அஞ்சுவோர்க்கு அளிக்கும் காப்பாகும். துணிந்தவர் உரிமையின்றியும் பேசுவர். மற்றவர்க்கே உரிமை இன்றியமையாதது. 1978 ஏப்ரலில் அமைந்த 'முறையின்றித் தண்டிக்கப்பட்டோரைக் காக்கும் குழு' பெயரறியாத எளியோரின் வழக்குகளையும் பதிவுசெய்தமை இதனால் பொருள்பெறுகிறது. அதற்காக 1979 அக்டோபரில் ஹாவெலுக்கு நான்கரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

பொறுப்பின் அளவும் இதனால் தெளிவாகிறது. ஆணையிட்டவர், காட்டிக்கொடுத்தவர், பலகை வைத்தவர் ஆகியோர் ஒரே தட்டில் நிறுக்கப்படுவது முறையன்று. எவரும் தட்டில் ஏறாமல் விடுபடுவதும் முறையன்று. குடியரசுத் தலைவரானபின் 1990 புத்தாண்டு நாளில் ஆற்றிய உரையில் ஹாவெல், பழைய முறை நிலைத்ததில் வெவ்வேறு அளவில் அனைவர்க்கும் பங்குண்டு என்றார். மாறாக, 1991ஆம் ஆண்டுச் சட்டம் இரகசியக் காவல்துறையின் பதிவேடுகளைக் கொண்டு சிலரைப் பொதுப்பதவிகளிலிருந்து விலக்கியது. முன்னது தன்னாய்வை வேண்டியது; பின்னது வரையறுத்த சிலரைச் சுட்டியது. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பவில்லை.

முடிவுரை

கொடுங்கோன்மையின் குற்றம் ஆள்வோனிடம் தொடங்குகிறது எனினும் அவனோடு முடிவதில்லை என்பது இம்மாற்றுக்குரல்களால் பெறப்படும் முதற்கருத்தாகும். எளியோரின் அச்சத்தைக் குற்றமாக்குவது அறமாகாது என்பது இரண்டாவது கருத்தாகும். இவ்விரண்டையும் இணைத்து நோக்குகையில் அரசை அளக்கும் அளவுகோல் ஒன்று கிடைக்கிறது. ஒரு நாட்டில் உண்மை பேசியவர்க்கு எத்துணைப் புகழ் கிடைக்கிறது என்பதைக் காட்டிலும், உண்மை பேச அங்கு எவ்வளவு துணிவு தேவைப்படுகிறது என்பதே அந்நாட்டின் செங்கோன்மையைக் காட்டும். காய்கறிக் கடைக்காரர் காய்கறியை மட்டும் விற்று அச்சமின்றி வாழ இயலும் நாட்டில், அவரை வீரர் என்று எவரும் புகழமாட்டார். அதுவே அந்நாட்டிற்குப் பெருமையாகும்.