ஆவாரையும் தூய்மை என்னும் கேள்வியும்

தூய்மை என்பது ஒரு பொருளின் உள்ளே உறையும் குணமா, அல்லது அப்பொருள் எங்கே, யாரால், எதற்காகக் கையாளப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படுவதா என்னும் கேள்வி சமய ஆராய்ச்சியில் பழையது. சைவ சித்தாந்தம் இலக்கணத்தை இருவகைப்படுத்தும்: பிறிதொன்றின் சார்பின்றித் தனக்கே உரிய இயல்பைக் கூறுவது சொரூப இலக்கணம், மற்றொன்றோடு கொள்ளும் தொடர்பை வைத்துக் கூறுவது தடத்த இலக்கணம். இறைவனின் இயல்பை ஆராய்வதற்குப் பயன்பட்ட இந்தப் பகுப்பைத் தூய்மைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டுமானால், புன்செய் ஓரங்களில் தானாகவே மண்டி வளரும் ஆவாரையைக் காட்டிலும் தகுந்த சான்று கிடைப்பது அரிது.

ஆவாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த குறுஞ்செடி. இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற செதிலும், அளவொவ்வாத ஐந்து மஞ்சள் இதழ்களும், தட்டையான காயும் உடையது. சிவபெருமானின் சடைக்கு உரியதாகப் போற்றப்படும் கொன்றையையும் இதனையும் 1753-இல் லின்னேயசு காசியா என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். பின்வந்த தாவரவியலார் ஆவாரையைப் பிரித்துச் சென்னா என்னும் பேரினத்தில் சேர்த்தனர். ஆனால் வழிபாட்டு மரபு இவ்விரண்டையும் வெகுகாலத்துக்கு முன்பே பிரித்துவிட்டது. கொன்றை கருவறை வரை செல்ல, ஆவாரையோ பொங்கலுக்கு முன்னாளில் வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் சேர்த்துக் கட்டப்பட்டு, வீட்டு இறவாரத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் வயல் மூலையிலும் காப்பாகச் செருகப்படுகிறது. தெலங்கானாவில் இதன் நிலை இன்னும் உயர்ந்தது. தங்கேடு என்று அங்கே வழங்கும் இப்பூவை அடுக்கடுக்காக வைத்துச் செய்யும் பதுகம்மாவில், பூ தெய்வத்துக்குப் படைக்கப்படுவதில்லை, பூவடுக்கே தெய்வமாக வணங்கப்பட்டு இறுதியில் நீரில் விடப்படுகிறது.

பூவின் கதை இவ்வாறிருக்க, பட்டையின் கதை வேறு. ஆவாரம்பட்டையில் 15 முதல் 20 விழுக்காடு வரை டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் களைந்த தோலை, இடித்த பட்டை ஊறிய நீரில் நாள்கணக்கில் கிடத்தினால், அத்துவர்ப்பு தோலின் புரதத்தோடு பிணைந்து, அழுகிப்போக வேண்டிய தோலை நெடுநாள் நிலைக்கும் பதனிட்ட தோலாக மாற்றுகிறது. வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் பரவும் வரை திண்டுக்கல், வாணியம்பாடி போன்ற ஊர்களின் தோல் தொழில் பெரிதும் இதையே நம்பியிருந்தது. கடினமான விதையுறையை இளக்கி விதைத்து, இரண்டு மூன்று ஆண்டுகள் வளர்த்து, தண்டை வெட்டிப் பட்டை உரிப்பதும், வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்ப்பதுமாக இச்செடி பயிராகவும் ஆனது. அழுகலைத் தடுப்பதே தூய்மை எனக் கொண்டால், ஆவாரையின் தூய்மை பூவில் இருப்பதைவிடப் பட்டையில்தான் மிகுதி. எனினும் பூவைச் செருகிய கைக்கு மங்கலமும், பட்டையை இடித்த கைக்குத் தீட்டும் உரித்தாக்கப்பட்டன.

இம்முரணைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டிலேயே, ஒருவேளை தாம் கருதியதற்கும் மேலாக, வெளிப்படுத்தியிருக்கிறார். ஆதனூர்த் திருநாளைப்போவார் கோயில் முரசுகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துவந்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் கொடுத்த தோல் திருமுன்பில் முழங்க, கொடுத்தவர் வெளியே நின்றார். தில்லைக்குள் புகுவதற்கு அவர் தீயில் மூழ்கி எழவேண்டியிருந்தது, தோலுக்கோ அப்படியொரு சோதனை இல்லை. கரூரை அடுத்த தாந்தோன்றிமலையில் பெருமாளுக்குப் பெரிய தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் உண்டு. தீட்டு தோலின் சொரூப இலக்கணமாக இருந்திருந்தால் இவற்றுள் ஒன்றும் நடந்திராது.

பொருளியல்பைக் கொண்டு தூய்மையை அளக்கலாகாது, அது விதியால் மட்டுமே அறியப்படுவது என்று சாத்திர மரபினர் மறுக்கக்கூடும். இம்மறுப்பு வலுவானதே; மலரில் எது ஏற்றது, எது விலக்கு என்பதை வேதியியல் சொல்லாது. ஆனால் இதனை ஒப்புக்கொண்டவுடன் தூய்மை தடத்த இலக்கணம் என்பதும் உடன் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. மலருக்கும் தோலுக்கும் விதித்த விதி, அவற்றைக் கையாண்ட மனிதரின் பிறப்பியல்பாக மாறுவதற்கு அதில் இடமே இல்லை. தொடர்பால் வந்தது தொடர்பு மாறினால் நீங்கும். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசமும், 1947-இல் சென்னை மாகாணம் இயற்றிய ஆலய நுழைவுச் சட்டமும் மாற்றியது அத்தொடர்பைத்தான். ஆகவே தோல் தொழிலாளரை இன்றும் வாசலோடு நிறுத்துகிறவர்கள் அதற்குச் சமூக வழக்கத்தைக் காரணம் காட்டலாம்; சமயத் தத்துவத்தைத் துணைக்கு அழைக்க அவர்களுக்கு உரிமை இல்லை.