அடுத்தவர் முகமும் நம் பாணியும்

நீர்வண்ணத்தில் முகங்களை வரையப் பழகுகிறவர்கள் ஒரு கட்டத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி, எனக்கென்று ஒரு பாணி எப்போது அமையும் என்பது. கைத்திறன் பற்றிய கேள்வியாகத்தான் இதைக் கேட்கிறார்கள். எந்தத் தாள், எந்த பிரஷ், எத்தனை நிறங்கள் என்று பதிலும் அதே வழியில் வந்துவிடுகிறது. ஆனால் வரையப்படுவது மரமோ மலையோ இல்லை, ஒரு மனிதர் என்கிறபோது கேள்வியின் கனம் மாறிவிடுகிறது. அந்தக் கண்ணும் மூக்கும் அவருடையவை. அவர் வாழ்ந்த வாழ்க்கை அவற்றில் படிந்திருக்கிறது. அதன்மேல் என் முத்திரையைக் குத்த நான் யார்? 'நான்' என்பதைப் பற்றிச் சமயங்கள் கேட்டுவந்த கேள்விதான் இங்கே தூரிகையோடு வந்து நிற்கிறது. முகச்சித்திரத்தில் பாணியைத் தேடிப்போய் அடைய முடியாது. எதிரே இருப்பவரிடம் ஓவியர் தன் கவனம் முழுவதையும் ஒப்படைத்த பிறகும் எது கரையாமல் மிஞ்சுகிறதோ அதுவே பாணி என்பது என் கட்சி.

இதற்கு வலுவான சான்று முகலாய ஓவியக்கூடங்களில் கிடைக்கிறது. இன்று நாம் பழகும் ஒளி ஊடுருவும் வண்ணம் அங்கே புழங்கவில்லை என்றாலும், தாளும் நீரும் பிசினில் குழைத்த நிறமியும்தான் அவர்களுடைய பொருள்களும். அக்பர் காலத்தில் ஒரே படத்தில் பலர் வேலை செய்தார்கள். ஒருவர் அமைப்பை வரைவார், இன்னொருவர் வண்ணம் தீட்டுவார், முகங்களுக்கு மட்டும் மூன்றாமவர் வருவதும் உண்டு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்பர்நாமா ஏடுகளின் அடியில் இப்படிப் பெயர்களைப் பிரித்து எழுதியிருக்கிறார்கள். தனிப்பாணி முளைக்க இதைவிடப் பாதகமான இடம் இருக்க முடியாது என்றே தோன்றும். ஆனால் அவருக்கு அடுத்து வந்த பேரரசர் ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்புகளில் பெருமையோடு ஒன்று சொல்கிறார். பெயர் சொல்லாமல் எந்தப் படத்தைக் காட்டினாலும் வரைந்தவர் இன்னார் என்று உடனே சொல்லிவிடுவாராம். ஒரே முகத்தில் கண்ணை ஒருவரும் புருவத்தை மற்றொருவரும் தீட்டியிருந்தால் அதையும் பிரித்துக் காட்டுவாராம். அரசரின் பெருமிதத்துக்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டாலும் விஷயம் சிறியதல்ல. ஒரு புருவத்தின் அகலத்துக்குள்கூட ஒரு கை தன்னை மறைத்துக்கொள்ள முடியவில்லை. புருவம் பக்கத்துக் கண்ணோடு பொருந்தவேண்டும் என்பதுதான் அதைத் தீட்டியவரின் கவலையாக இருந்திருக்கும். பாணியைப் பற்றி அவர் யோசித்திருக்க வாய்ப்பே இல்லை.

ஜஹாங்கீர் காலத்துப் படம் ஒன்று இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1618-இல் இனாயத் கான் என்ற அரசவை அதிகாரி அபினியாலும் மதுவாலும் உடல் சிதைந்து சாகக் கிடந்தார். ஜஹாங்கீர் அவரை வரவழைத்து, அந்தக் கோலத்தைக் கண்டு திகைத்து, ஓவியர்களை வரையச் சொன்னார். மறுநாள் இனாயத் கான் இறந்துபோனார். கோட்டுச்சித்திரம் பாஸ்டனிலும் வண்ணப்படம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. பெரிய திண்டுகளில் சாய்ந்திருக்கிறது அந்த உடல். விலகிய அங்கிக்குள் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். திண்டுகளின் பருமனே அவருடைய மெலிவை இன்னும் கூட்டிக் காட்டுகிறது. படத்தில் கையெழுத்து இல்லை. வரைந்த விதத்தை வைத்தே, வரைந்தவர் அரசவை ஓவியர் பால்சந்த் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சாகும் மனிதர் முன்னால் உட்கார்ந்தவருக்குத் தன் திறமையைக் காட்டிக்கொள்ளும் ஆசை ஒரு கணம் தலைதூக்கியிருந்தாலும் அந்தப் படம் அருவருப்பாகியிருக்கும். அப்படி எதுவும் அதில் இல்லை. இருந்தும் அது ஒரு குறிப்பிட்ட ஓவியரின் கை என்று நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு பேச முடிகிறது.

இனி, தொடக்கத்தில் சொன்ன சமயக் கேள்விக்கு வருவோம். ஓவியத்தை ஏற்காத சமயவாதிகளுக்கு மறுமொழியாக அக்பர் சொன்ன கருத்து ஒன்றை அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் அயினி அக்பரியில் பதிவு செய்திருக்கிறார். உயிருள்ள ஒன்றை உறுப்பு உறுப்பாக வரையும் ஓவியர், அதற்கு உயிர் கொடுக்கத் தன்னால் ஆகாது என்று உணர்ந்து, உயிர் கொடுப்பவனை நினைக்கும்படி ஆகிறார் என்பது அதன் சாரம். சமஸ்கிருத நூலான சுக்கிரநீதி நேர் எதிராகப் பேசும்: தெய்வ உருவம் அழகில்லாமல் அமைந்தாலும் நன்மை, மனித உருவம் அழகாகவே அமைந்தாலும் நன்மை இல்லை. படைப்பவன் நானே என்ற எண்ணத்தைக் குறித்த அச்சம்தான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். சுக்கிரநீதி அதற்காக மனித முகத்தையே விலக்குகிறது. அக்பர் அந்த முகத்தையே பணிவு கற்கும் இடமாக்குகிறார். நான் அக்பர் பக்கம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஓவியர் தன்னை முழுக்க ஒப்படைத்துவிட்டால் எல்லா ஓவியரும் ஒரே படத்தை அல்லவா வரையவேண்டும்? இதற்குச் சைவ சித்தாந்தத்தில் நல்ல விடை இருக்கிறது. உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்கும் என்று மெய்கண்டார் மரபு சொல்கிறது. பக்கத்தில் இருக்கும் பொருளின் நிறத்தைக் காட்டும் படிகத்தை அதற்கு உவமையாக்குகிறது. ஆனால் படிகம் அந்தப் பொருளாகவே மாறிவிடுவதில்லை. முத்தியிலும் உயிர் அழிவதில்லை, ஆணவத்தின் வலிமைதான் அடங்குகிறது. ஓவியருக்கும் இது பொருந்தும். முனைப்பு அடங்கினாலும் அவர் கண்ணின் கூர்மை, கையின் வேகம், கற்றதும் கல்லாததும், எதன்மேல் பரிவு எழுகிறது என்பதெல்லாம் அங்கேயே இருக்கின்றன. படத்துக்குப் படம் வேறுபாடு அவற்றால் வருகிறது.

நீர்வண்ணம் இந்தப் பாடத்தைக் கண்டிப்பான வாத்தியார் போல நடத்துகிறது. கறுத்த நிறமுள்ள ஒரு முதியவரை வரைவதாகக் கொள்வோம். பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரைன் நீலத்தைக் கலந்து நெற்றியிலிருந்து கழுத்துவரை முதல் வாஷை, அதாவது நீர்த்த வண்ணப் பூச்சை, இறக்கவேண்டும். நெற்றி மேட்டிலும் மூக்குத்தண்டிலும் ஒளிக்காகத் தாளை வெறுமனே விட்டுவிடவேண்டும். பிறகு வெள்ளையடித்து அந்த ஒளியைக் கொண்டுவர முடியாது. தாளின் ஈரப் பளபளப்பு அடங்கும் தருணத்தில் கன்னத்தில் கொஞ்சம் சிவப்பைத் தொட்டுவைத்தால் அது தானாகப் பரவித் தோலுக்குள் இறங்கும். முந்திவிட்டால் காதுவரை ஓடிவிடும். பாதி உலர்ந்தபின் நீர் அதிகமுள்ள பிரஷை வைத்தால் நிறமியை நீர் தள்ளிக்கொண்டு போய் ஓரம் கிழிந்த கறையாகக் கட்டிவிடும். நீலத்தின் துகள்கள் தாளின் குழிகளில் மணல் போலத் தங்கி, கன்னத்துக்கு வயதைக் கொடுக்கும். எவ்வளவு நேரம் பொறுப்பது, தாடையின் விளிம்பை நிழலில் கரையவிடுவதா நிறுத்துவதா என்ற முடிவுகளை முகத்தையும் நீரையும் பார்த்தபடியே எடுக்கவேண்டியிருக்கிறது. இப்படிப் பல நூறு முடிவுகள் ஒரே மனிதரிடமிருந்து வரும்போது அவற்றில் ஒரு சாயல் படியத் தொடங்குகிறது. பாணி வளர்வது என்று நான் சொல்வது இதைத்தான். இன்று பரவலாகியிருக்கும் வண்ணத் தெறிப்பு, வழியவிட்ட கோடுகள், பாதியில் நிற்கும் முகம் ஆகியவை பெரும்பாலும் வேறு ரகம். எதிரே ஆள் வந்து உட்காருமுன்பே அந்த முடிவு எடுத்தாகிவிட்டது. யார் வந்தாலும் அதே தெறிப்பு.

கதைகளுக்குப் படம் வரைந்த ஓவியர் மாருதியின் பெண்களைக் கையெழுத்து பார்க்காமலே அடையாளம் காணும் தமிழ் வாசகர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அந்த முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தும் நாம் அவற்றை நேசித்தோமே என்பார்கள். நேசிக்கத்தக்க முகங்கள்தான் அவை. ஆனால் கதைக்கு வரையும் ஓவியருக்கு எதிரே ஆள் இல்லை. எழுத்தில் மட்டும் வாழும் பெண்ணுக்குத் தன் மனத்தில் இருக்கும் முகத்தைக் கொடுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. உயிரோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டிக்கு அதே முகத்தைக் கொடுத்தால் அவருடைய முகத்தை அவரிடமிருந்து பறித்ததாகும்.

பிழைப்பு பற்றிய கேள்வியையும் ஒதுக்கிவிட முடியாது. அடையாளம் தெரியாத ஓவியரிடம் யார் படம் வாங்குவார்கள்? புகழை விரும்புவதை நான் குறை சொல்லவில்லை. ஜஹாங்கீர், அரசர்களைவிட ஒரு சூஃபி ஞானிக்கு முதலிடம் தரும் படத்தில் ஓவியர் பிசித்ர் தன் உருவத்தையே ஓரத்தில் வைத்தார், பேரரசரின் கால்மணையில் தன் பெயரையும் எழுதினார். ஆனால் மற்ற முகங்களைத் தன் முகமாக்கவில்லை. கற்கிறவர்கள் நிறங்களைக் குறைத்துக்கொள்வதும் ஒரே தாளில் பழகுவதும் நல்லதுதான். ஆனால் மூன்று நிறங்களில் வேலை செய்வதென்று தீர்மானித்தவர், எதிரே இருப்பவரின் தோல் அந்த மூன்றில் கிடைக்காவிட்டால் நான்காவதை எடுக்கத் தயங்கக்கூடாது.